ஒதுக்கப்பட்ட அளவீடுகளின் வரலாறு: கடல் வெப்பநிலை வரைபடங்களும் தரவுத் தெரிவும் (1853–2019)

ஆய்வுச் சுருக்கம்

உலகக் கடல்களின் வெப்பநிலை வரைபடங்கள் அளவீடுகளிலிருந்து மட்டும் உருவாவதில்லை. எந்த அளவீட்டை ஏற்பது, எதை விலக்குவது என்னும் முடிவுகளிலிருந்தும் உருவாகின்றன. 1853ஆம் ஆண்டின் பிரசல்ஸ் மாநாடு தொடங்கி 2019 வரையிலான காலத்தில் இம்முடிவுகள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதை நான்கு நிகழ்வுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. ஓர் அளவீட்டை அதன் மதிப்பை மட்டும் நோக்கி விலக்கிய முறை எங்குத் தவறியது, அதன் வழிவரலாற்றை நோக்கி எடைபோட்ட முறை எதை மீட்டது என்பன காட்டப்படுகின்றன. விலக்கப்பட்டவை அழிக்கப்படாமல் குறியிட்டுக் காக்கப்பட்ட இடங்களில்தான் பிற்காலத் திருத்தம் முழுமையாக இயன்றது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதன்மைச் சொற்கள்: கடல் மேற்பரப்பு வெப்பநிலை, கப்பல் பதிவேடு, தரவுத் தெரிவு, தரக்கட்டுப்பாடு, எல் நினோ, மூலபாடத் திறனாய்வு.

முன்னுரை

உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது அவர்முன் இருந்த பெருஞ்சிக்கல் ஒன்றோடொன்று மாறுபடும் சுவடிகளின் பன்மை. எப்பாடம் மூலத்துக்கு நெருங்கியது, எது ஏடெழுதியவரின் கைப்பிழை, எது பிற்காலச் செருகல் என்பதைத் துணிய இரு வழிகள் உண்டு. பொருளும் யாப்பும் பொருந்துகின்றனவா என்று பாடத்தையே நோக்குவது ஒன்று. அப்பாடம் எந்த ஏட்டிலிருந்து, எந்த ஊரிலிருந்து, எவர் கைவழி வந்தது என்று அதன் பிறப்பை நோக்குவது மற்றொன்று. முதல்வழி விரைவானது, ஆனால் அரிய வழக்கொன்றைப் பிழையென்று நீக்கிவிடும் இடர் அதில் உண்டு. இரண்டாம் வழி கடினமானது. ஏட்டின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

கடல் வெப்பநிலை வரைபடம் வரைவோரும் ஏறத்தாழ இதே நிலையில் உள்ளனர். நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, பல நாட்டுக் கப்பல்களில், பல்வேறு கருவிகளால், பயிற்சி பெற்றோரும் பெறாதோரும் குறித்துவைத்த கோடிக்கணக்கான எண்கள் அவர்கள்முன் குவிந்துள்ளன. அவற்றை நிலநேர்க்கோடு, நிலநிரைக்கோடு வழிக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் எண்ணை நிறுவ வேண்டும். ஒரு கட்டத்தில் நூறு அளவீடுகள் இருக்கலாம். அடுத்த கட்டத்தில் ஒன்று மட்டும் இருக்கலாம். அந்த ஒன்று ஐயத்துக்குரியதாயின் என் செய்வது? இக்கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகளே இக்கட்டுரையின் பொருள். கடலியற்பியல் நுட்பங்கள் வாதத்துக்குத் தேவையான அளவே எடுத்தாளப்படுகின்றன.

பிரசல்ஸ் படிவமும் அட்டைக் கட்டுகளும்

அமெரிக்கக் கடற்படையின் வரைபடக் கிடங்குக்கு 1842இல் பொறுப்பேற்ற மேத்யூ ஃபாண்டெய்ன் மௌரி, அங்கே முடங்கிக் கிடந்த பழைய கப்பல் பதிவேடுகளில் காற்று, நீரோட்டம், வெப்பநிலை ஆகியவற்றின் வரலாறு உறங்குவதைக் கண்டார். 1847 முதல் அவர் வெளியிட்ட காற்று–நீரோட்ட வரைபட வரிசைகளுள் வெப்பத் தாள்கள் எனப்பட்ட ஒரு வரிசையும் இருந்தது. தம் வரைபடங்களைக் கப்பல் தலைவர்களுக்கு விலையின்றி வழங்கி, அதற்கு ஈடாக அவர்தம் பயணக் குறிப்புகளைப் பெற்றார். இந்தப் பண்டமாற்றே பின்னர் பன்னாட்டு ஏற்பாடாக விரிந்தது. 1853 ஆகஸ்டு 23 முதல் செப்டம்பர் 8 வரை பிரசல்ஸ் நகரில் பெல்ஜிய அறிஞர் அடால்ஃப் கெட்லே தலைமையில் பத்து நாடுகளின் பேராளர்கள் கூடி, எல்லாக் கப்பல்களும் பின்பற்றத்தக்க பொதுப் பதிவுப் படிவம் ஒன்றை வகுத்தனர். அதில் கடல்நீரின் வெப்பநிலைக்கும் ஒரு பத்தி இருந்தது.

படிவம் பொதுவானது, கருவி பொதுவானதன்று. நீரை மரவாளியில் எடுப்பதா, கித்தான் வாளியில் எடுப்பதா, எவ்வளவு நேரம் தளத்தில் வைத்து அளப்பது என்பன அந்தந்த நாட்டின், பெரும்பாலும் அந்தந்தக் கப்பலின், பழக்கத்துக்கே விடப்பட்டன. எண் எழுதப்பட்டது, எண் பிறந்த விதம் எழுதப்படவில்லை. இக்கட்டுரையில் பேசப்படும் சிக்கல்களுட் பல இந்த ஒரு குறையிலிருந்து கிளைத்தவை.

இருபதாம் நூற்றாண்டில் பதிவேடுகள் துளையட்டைகளுக்கு மாற்றப்பட்டன. ஒரு நாட்டிலிருந்தோ ஒரு நிறுவனத்திடமிருந்தோ வந்த அட்டைகள் ஒரு கட்டாகக் கட்டப்பட்டு எண்ணிடப்பட்டன. அட்டைகள் மறைந்து காந்த நாடாவும் கணினியும் வந்தபின்னும் அக்கட்டு எண்கள் ஒவ்வொரு பதிவுடனும் தங்கின. சுவடிக்கட்டின்மேல் எழுதப்பட்ட ஊர்ப்பெயர்போல இவ்வெண் பிற்காலத்தில் பெரும்பயன் தந்தது. 1985இல் அமெரிக்க நிறுவனங்கள் சில இணைந்து வெளியிட்ட விரிவான கடல்–வளிமண்டலத் தரவுத்தொகுப்பு, அதாவது கோட்ஸ், 1854 முதல் 1979 வரையிலான ஏறத்தாழ 7 கோடிப் பதிவுகளைக் கொண்டது. ஒரே பதிவு பல கட்டுகளில் இடம்பெற்றிருந்தமையால், இரட்டிப்புகளைக் கண்டு களைவதே முதற்பெரும் தெரிவுப் பணியாயிற்று.

நம்பப்படாத வெப்பம்

அடுத்த தெரிவு, பிழையான மதிப்புகளை அகற்றுவது. கப்பலின் இருப்பிடம் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். 28 என்பது 82 ஆகியிருக்கலாம். ஃபாரன்ஹீட் எண் செல்சியஸாகக் கொள்ளப்பட்டிருக்கலாம். இத்தகையவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக் களைய மனித ஆற்றல் போதாது. எனவே கோட்ஸ் தொகுப்பாளர் ஒரு புள்ளியியல் வேலியை அமைத்தனர். ஓர் இடத்தின் நீண்டகால நடுமதிப்பிலிருந்து 3.5 திட்டவிலக்கத்துக்கு அப்பாற்பட்ட அளவீடுகள் மாதச் சுருக்கங்களில் சேர்க்கப்படவில்லை.

பெரும்பான்மை இடங்களில் இவ்விதி தன் பணியைச் செவ்வனே செய்தது. ஆனால் இயல்பு என்பதன் வரையறை, கடந்தகாலத்தில் கண்டவற்றின் வரையறையே. கண்டிராத ஒன்று நிகழும்போது வேலி உண்மையையே தடுத்துவிடும். 1982இல் அதுவே நிகழ்ந்தது.

அவ்வாண்டு மார்ச்சு இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்தது. அது உமிழ்ந்த நுண்துகள்கள் அடுக்கு மண்டலத்தில் பரவி, செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் பார்வையை மறைத்தன. செயற்கைக்கோள் கடலை உண்மையினும் குளிர்ந்ததாகக் காட்டியது. அதே மாதங்களில் கிழக்குப் பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதி வேகமாக வெம்மையடைந்துகொண்டிருந்தது. அப்பகுதியைக் கடந்த கப்பல்கள் சில அவ்வெம்மையை அறிவிக்கவும் செய்தன. வரைபடக் கணினி நிரல் அவற்றை நம்பவில்லை. இயல்பிலிருந்து மிக விலகியவை என்று தள்ளியது. நூற்றாண்டின் மிக வலிய எல் நினோக்களுள் ஒன்று, ஆண்டின் பிற்பகுதி வரை அறிஞர்களால் உணரப்படாமலே வளர்ந்தது. அது முதிர்ந்தபோது கிழக்குப் பசிபிக்கின் வெப்பநிலை இயல்பைவிட 3 டிகிரி செல்சியஸுக்கும் மேல் உயர்ந்திருந்தது.

இங்கே தோற்றது அளவீடு அன்று, தெரிவு. பொய்யான செயற்கைக்கோள் எண் இயல்புக்கு நெருக்கமாக இருந்தமையால் ஏற்கப்பட்டது. மெய்யான கப்பல் எண் இயல்புக்கு மாறாக இருந்தமையால் விலக்கப்பட்டது. மதிப்பை மட்டும் நோக்கும் முறையின் ஆழ்ந்த குறை இதனினும் தெளிவாக வெளிப்பட்ட இடம் இல்லை எனலாம்.

இத்தோல்வியின் உடனடி விளைவு கருவிகளின் பெருக்கம். 1985 முதல் 1994 வரை நடந்த டோகா என்னும் பன்னாட்டுத் திட்டத்தின்கீழ் வெப்பமண்டலப் பசிபிக் முழுவதும் ஏறத்தாழ 70 நங்கூர மிதவைகள் நிறுவப்பட்டன. ஆனால் வரலாற்றுத் தரவுகளில் விதி அப்படியே இருந்தது. க்ளாஸ் வோல்டர் 1997இல் வெளியிட்ட ஆய்வு, கோட்ஸ் தொகுப்பின் வேலி 1982–83 போன்ற கடுமையான காலங்களில் மெய்யான அளவீடுகளையும் வெட்டிவிட்டதைக் காட்டியது. பின்னர் 4.5 திட்டவிலக்கம் என்னும் அகன்ற வேலியுடன் மற்றொரு சுருக்கமும் வழங்கப்பட்டது. இது இயன்றது எதனால்? விலக்கப்பட்ட பதிவுகள் அழிக்கப்படவில்லை. மூலத் தொகுப்பில் அவை தரக்குறியுடன் அப்படியே இருந்தன. சுருக்கத்தில் மட்டுமே இடம்பெறவில்லை. அடிக்குறிப்பில் பாடவேறுபாட்டைத் தந்த பதிப்பாசிரியரின் நேர்மையோடு இதனை ஒப்பிடலாம்.

இதனை வெறும் நுட்பச் செய்தி என்று தமிழ் வாசகர் கடந்துபோக இயலாது. சென்னை மாகாணத்தைச் சூறையாடிய 1876–78 தாது வருடப் பஞ்சத்தின் பிற்பகுதி, 1877–78இன் பெரும் எல் நினோவோடு பொருந்துகிறது. அந்நிகழ்வின் வலிமையை இன்று நாம் மதிப்பிட உதவும் சான்றுகளுள் அக்காலக் கப்பல்கள் பசிபிக்கில் குறித்துவைத்த சிதறலான எண்களும் அடங்கும். பதிவுகள் அரிதாக உள்ள நூற்றாண்டில், மிக விலகிய எண்ணை நீக்கும் விதி கேடு மிகுதியாக விளைக்கும்; ஏனெனில் நீக்கியபின் அக்கட்டத்தில் எஞ்சுவது பெரும்பாலும் ஒன்றுமில்லை.

வாளியும் எந்திர அறையும்

இரண்டாம் நிகழ்வு இதனினும் நுண்ணியது. இங்கே எந்த ஒரு எண்ணும் தனித்துப் பார்க்கையில் ஐயத்துக்குரியதன்று. தொகுதியாகப் பார்த்தால்தான் பிழை புலப்படும்.

கடலிலிருந்து கித்தான் வாளியில் மொண்ட நீர், தளத்துக்கு வருமுன்னும் வெப்பமானி நிலைகொள்ளும் வரையிலும் ஆவியாகிக் குளிர்கிறது. மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே இயல்புதான். மரவாளியில் இக்குளிர்ச்சி குறைவு. நீராவிக் கப்பல்கள் பெருகியபின், எந்திரத்தைக் குளிர்விக்க உறிஞ்சப்படும் கடல்நீரின் வெப்பநிலையைக் குழாயிலேயே அளக்கும் வழக்கம் தோன்றியது. எந்திர அறையின் வெம்மையால் அந்த எண் சற்று மிகுந்திருக்கும். சார்லஸ் புரூக்ஸ் 1926இலேயே இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு எழுதினார். சௌர் 1963இல் அமெரிக்கக் கப்பல்களை ஆய்ந்து, எந்திர அறை எண்கள் சராசரியாக 1.2 டிகிரி ஃபாரன்ஹீட் மிகுதியாக உள்ளன என்றார். 1972இல் ஜேம்ஸ், ஃபாக்ஸ் ஆகியோர் செய்த விரிவான ஒப்பீட்டில் வாளிக்கும் குழாய்க்கும் இடையிலான வேறுபாடு சராசரி 0.3 டிகிரி செல்சியஸ். இவை சிறிய எண்களாகத் தோன்றலாம். நாம் தேடும் நூற்றாண்டு மாற்றமே அரை டிகிரியை ஒட்டியது என்பதை நினைத்தால் இவற்றின் கனம் விளங்கும்.

ஃபோலண்ட், பார்க்கர் ஆகிய பிரித்தானிய ஆய்வாளர் 1995இல் வாளியின் வெப்ப இழப்பையே கணிதவழி மாதிரியாக்கினர். வாளியின் பொருள், அளவு, காற்றின் வேகம், ஈரப்பதம், நீர் தளத்தில் இருந்த நேரம் ஆகியவற்றைக் கொண்டு, ஒவ்வொரு கடற்பகுதிக்கும் மாதத்துக்கும் திருத்தம் கணித்தனர். 1940ஐ ஒட்டி உலகச் சராசரித் திருத்தம் ஏறத்தாழ 0.4 டிகிரி. இங்கே ஓர் இடைக்குறிப்பு தேவை. வெப்பநிலைத் தரவுகளைத் திருத்துவோர் புவி வெப்பமாதலைப் பெரிதாக்கிக் காட்டவே திருத்துகின்றனர் என்ற குற்றச்சாட்டு பொதுவெளியில் அடிக்கடி எழுகிறது. வாளித் திருத்தம் பழைய எண்களை உயர்த்துகிறது. அதனால் நூற்றாண்டு வெப்ப உயர்வு திருத்தத்துக்குப்பின் குறைகிறதேயன்றிக் கூடவில்லை. குற்றஞ்சாட்டுவோர் இத்திசையைக் கவனிப்பதில்லை.

எனினும் அத்திருத்தம் ஓர் எடுகோளின்மேல் நின்றது. 1941 இறுதியோடு வாளிக் காலம் முடிந்து, எந்திர அறைக் காலம் தொடங்கியது என்று கொள்ளப்பட்டது. அதன்பிறகு திருத்தம் இல்லை. போர்க்காலத்தைப் பொறுத்தவரை இது பெரிதும் சரியே. இரவில் தளத்தில் விளக்கேந்தி வெப்பமானியைப் படித்தால் பகைவர் கண்ணில் படும்; உள்ளேயிருந்து குழாயில் அளப்பதே பாதுகாப்பு. போருக்குப்பின் என்ன ஆயிற்று என்பதை எவரும் கருதவில்லை.

தாம்சன், கென்னடி, வாலஸ், ஜோன்ஸ் ஆகியோர் 2008இல் நேச்சர் இதழில் அதனைக் கருதினர். எல் நினோ முதலிய இயற்கை ஏற்ற இறக்கங்களைக் கணக்கிட்டு அகற்றியபின், உலகச் சராசரி வெப்பநிலைக் கோட்டில் 1945இன் பிற்பகுதியில் ஏறத்தாழ 0.3 டிகிரி திடீர்ச் சரிவு எஞ்சி நின்றது. நிலப்பகுதித் தரவுகளில் அச்சரிவு இல்லை. கடல் மட்டும் ஒரே மாதத்தில் குளிர்வதெங்ஙனம்? விடை தரவின் பிறப்பில் கிடைத்தது. 1942 ஜனவரி முதல் 1945 ஆகஸ்டு வரையிலான பதிவுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அமெரிக்கக் கப்பல்களுடையவை. பிரித்தானியக் கப்பல்களின் பங்கு 5 விழுக்காடு. 1945 இறுதி முதல் 1949 வரை அமெரிக்கப் பங்கு 30 விழுக்காடாகச் சுருங்க, பிரித்தானியப் பங்கு ஏறத்தாழ 50 விழுக்காடாக உயர்ந்தது. அமெரிக்கர் எந்திர அறையில் அளந்தனர். பிரித்தானியர் பெரும்பாலும் வாளியில் அளந்தனர். கடல் குளிரவில்லை; அளந்த கை மாறிற்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் குளிர்ச்சியை விளக்க முயன்ற ஆய்வுகள் பல இச்சரிவையும் உள்ளடக்கிய கோட்டையே எடுத்தாண்டிருந்தன. மூலபாடம் ஐயமறத் துணியப்படுவதற்கு முன்பே உரை எழுதியதற்கு ஒப்பானது இது.

கட்டு எண் 118

மூன்றாம் நிகழ்வு ஏடெழுதுவோன் பிழைக்கு மிக நெருங்கியது.

ஜப்பானின் கோபே நகரில் 1920இல் நிறுவப்பட்ட கடல் வானிலை ஆய்வகம், ஜப்பானிய வணிகக் கப்பல்களின் பதிவேடுகளைப் பல பத்தாண்டுகள் திரட்டிவந்தது. கோபே தொகுப்பு எனப்படும் அத்திரளின் ஒரு பகுதி முன்னரே துளையட்டைகளுக்கு மாற்றப்பட்டு உலகத் தொகுப்பில் கலந்தது. எஞ்சியவற்றை எண்மமாக்கும் பெருமுயற்சியின் முதற்கட்டத்தை மனபே 1999இல் விவரித்தார். முன்னரே கலந்தவற்றுள் ஒரு பகுதி கட்டு எண் 118 என்னும் அடையாளத்தைத் தாங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வட அட்லாண்டிக் உலகச் சராசரியைவிடப் பெரிதும் வெம்மையடைந்தது என்றும், வடமேற்குப் பசிபிக் மாறாகக் குளிர்ந்தது என்றும் வரைபடங்கள் காட்டின. காலநிலை மாதிரிகள் இவ்வேறுபாட்டை விளக்க இயலாது இடர்ப்பட்டன. டுவோ சான், எலிசபெத் கென்ட், டேவிட் பெர்ரி, பீட்டர் ஹைபர்ஸ் ஆகியோர் 2019இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், மாதிரிகளைத் திருத்தாமல் சான்றுகளைத் திருத்த முற்பட்டனர். ஏறத்தாழ ஒரே நாளில், ஒரே கடற்பகுதியில் அருகருகே சென்ற இரு வேறு நாட்டு அல்லது இரு வேறு கட்டுக் கப்பல்களின் எண்களை இணையிணையாக ஒப்பிட்டனர். கடல் ஒன்றே, ஆதலால் இரு தொகுதிகளுக்கு இடையே நிலையாகத் தோன்றும் வேறுபாடு கடலினுடையதன்று, தொகுதியினுடையது.

கட்டு எண் 118 தனித்து நின்றது. அதன் எண்கள் அண்டைக் கப்பல்களைவிடத் தொடர்ந்து குளிர்ந்திருந்தன. பதின்மத்துக்குப் பிற்பட்ட இலக்கம் எதிலும் இல்லை. பழைய ஆவணங்கள் காரணத்தைக் காட்டின. அமெரிக்க விமானப்படையின் பணியாக இவை எண்மமாக்கப்பட்டபோது, பத்தில் ஒரு பங்கு டிகிரியைக் குறிக்கும் இறுதி இலக்கம் வெட்டப்பட்டிருந்தது. 17.9 என்பது 18 ஆகவில்லை, 17 ஆயிற்று. இறுதி இலக்கங்கள் 0 முதல் 9 வரை சமமாகப் பரவியிருந்தால் இவ்வகை வெட்டினால் சராசரி இழப்பு 0.45 டிகிரி என்பதை எவரும் தாளில் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1930களின் பிற்பகுதியில் பசிபிக் பதிவுகளில் இக்கட்டின் பங்கு பெருகப் பெருக, வரைபடத்தில் பசிபிக் குளிர்ந்துகொண்டே போயிற்று. அட்லாண்டிக்கின் மிகை வெம்மையில் ஜெர்மானியக் கப்பல் தரவுகளின் வேறுபாட்டுக்கும் பங்கிருந்தது. இவற்றைச் சரிசெய்தபின் இரு பெருங்கடல்களின் வெப்ப உயர்வும் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தன.

துளையட்டையில் ஓர் இலக்கத்தைச் சேமிக்க எடுத்த முடிவு, பல பத்தாண்டுகள் ஒரு பெருங்கடலின் வரலாற்றை மாற்றிக் காட்டியது. முன்னைய நிகழ்வோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 3.5 திட்டவிலக்க வேலியால் விலக்கப்பட்டவை மூலத்தில் இருந்தன, எனவே மீட்கப்பட்டன. கட்டு 118இல் வெட்டப்பட்ட இலக்கங்கள் அத்தொகுப்பில் இல்லை. சராசரி இழப்பை மதிப்பிடலாம். குறிப்பிட்ட கப்பல் குறிப்பிட்ட நாளில் கண்டது 17.2ஆ, 17.9ஆ என்பதை எண்களிலிருந்து இனி அறிய இயலாது. எனினும் கட்டு எண் என்னும் ஒற்றை அடையாளமேனும் எஞ்சியமையால்தான் பிழையே கண்டறியப்பட்டது. எண்களைத் தூய்மையாக்கும் ஆர்வத்தில் எவரேனும் அப்பத்தியை நீக்கியிருந்தால் பசிபிக்கின் பொய்க்குளிர்ச்சிக்கு இன்றும் விளக்கங்கள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்.

ஆழத்துக் கணக்கு

மேற்பரப்புக்குக் கீழே சென்றால் சிக்கல் வடிவம் மாறுகிறது. அங்கே வெப்பநிலை சரியாக இருந்தும் ஆழம் தவறாக இருக்கலாம். 1960களில் பரவலான எறிவெப்பமானி, செல்லும் கப்பலிலிருந்து கடலில் இடப்படும் சிறு கருவி; மெல்லிய செம்புக் கம்பிவழி வெப்பநிலையை அனுப்பிக்கொண்டே வீழ்ந்து, பணி முடிந்ததும் கடலடியில் தங்கிவிடும். அதில் அழுத்தமானி இல்லை. வீழ்ந்த நேரத்தைக் கொண்டு ஒரு சமன்பாட்டால் ஆழம் கணிக்கப்பட்டது. ஹனவா முதலியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வின்படி, கருவி உண்மையில் அச்சமன்பாடு கூறியதைவிட விரைந்து வீழ்ந்தது. ஆழம் மூன்று விழுக்காட்டுக்கும் மேல் குறைத்துக் கணிக்கப்பட்டிருந்தது. கௌரெட்ஸ்கி, கோல்டர்மன் ஆகியோர் 2007இல் இப்பிழை ஆண்டுக்காண்டு மாறியதையும், 1970–80களில் கடலின் வெப்பக் கொள்ளடக்கத்தில் தோன்றிய மேட்டுக்கு இதுவும் காரணம் என்பதையும் காட்டினர். திருத்தம் எந்த வகைக் கருவி என்பதைப் பொறுத்தது. பழைய பதிவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் கருவி வகையே குறிக்கப்படவில்லை. பிரசல்ஸ் படிவத்தின் குறை நூறாண்டு கழித்தும் தொடர்ந்தது.

2006இல் லைமன், வில்லிஸ், ஜான்சன் ஆகியோர் 2003–2005 காலத்தில் மேற்கடல் குளிர்ந்ததாக அறிவித்த கட்டுரை பெரும் பேச்சுக்கு உள்ளானது. ஜோஷ் வில்லிஸ் தம் முடிவைக் கடல்மட்ட உயர்வோடும் கதிர்வீச்சு அளவீடுகளோடும் ஒப்பிட்டுப் பொருந்தாமை கண்டு, தம் தரவுகளுக்கே திரும்பினார். ஆர்கோ தானியங்கி மிதவைகளுள் ஒரு தொகுதி, அழுத்தத்தைத் தவறாகப் பதிந்து, வெப்பநிலைகளைத் தவறான ஆழங்களில் வைத்திருந்தது; எறிவெப்பமானிகளின் வெப்பச் சாய்வும் கலந்திருந்தது. இரண்டையும் விலக்கியபின் குளிர்ச்சி மறைந்தது. 2007இல் ஆசிரியர்களே திருத்தம் வெளியிட்டனர். இங்கும் விலக்கப்பட்டது குளிர்ந்த எண் என்பதற்காக அன்று. குறிப்பிட்ட கருவித் தொகுதியிலிருந்து வந்தது என்பதற்காக. 1982இல் செய்ததற்கும் 2007இல் செய்ததற்கும் இடையிலுள்ள முறையியல் தொலைவு இதுவே. ஆர்கோ திட்டத்தில் இன்று ஐயத்துக்குரிய மிதவைகளுக்குச் சாம்பல் பட்டியல் ஒன்று பேணப்படுகிறது. ஒவ்வோர் அளவீடும் தரக்குறியோடு வழங்கப்படுகிறது. கெட்டதெனக் குறிக்கப்பட்டதும் கோப்பில் நிற்கிறது.

பல பாடங்களும் பழைய பதிவேடுகளும்

ஏற்பது, விலக்குவது என்னும் இருமைக்கு வெளியே மூன்றாவது வழியொன்றும் வளர்ந்துள்ளது. ரெனால்ட்ஸ், ஸ்மித் ஆகியோர் 1994இல் வெளியிட்ட வாராந்திர வரைபட முறை, கப்பல் அளவீட்டுக்கு 1.3 டிகிரியும் மிதவை அளவீட்டுக்கு 0.5 டிகிரியும் தற்செயல் பிழை உண்டெனக் கொண்டு, அதற்கேற்ப எடையிட்டது. எவரையும் அவையை விட்டு வெளியேற்றாமல், ஒவ்வொருவர் சொல்லுக்கும் உரிய மதிப்பளிப்பது போன்றது இது. எல் சிச்சோன் துகள்களைப் போன்ற முறைசார் பிழைக்கு எடை மட்டும் போதாது என்பதால், செயற்கைக்கோள் எண்கள் கப்பல், மிதவை எண்களைக் கொண்டு முதலில் திருத்தப்பட்டன.

பிரித்தானிய வானிலை அலுவலகத்தின் ஹாட்எஸ்எஸ்டி தொகுப்பின் மூன்றாம் பதிப்பு 2011இல் வெளிவந்தபோது, அதனோடு 100 மாற்று வடிவங்கள் வழங்கப்பட்டன. ஒவ்வொரு வடிவமும் வாளி, குழாய் பற்றிய எடுகோள்களை ஏற்கத்தக்க எல்லைக்குள் சற்று மாற்றி அமைத்தது. 2019இல் வந்த நான்காம் பதிப்பில் அவ்வடிவங்கள் 200. ஐயத்தை மறைத்து ஒரு பாடத்தை அச்சிடாமல், ஐயத்தின் அளவையே வாசகர் கையில் தரும் பதிப்புநெறி இது. தமிழ்ப் பதிப்புலகில் பாடவேறுபாடுகளை முழுமையாகத் தரும் வழக்கம் சிலரோடு நின்றுபோனதை எண்ணுகையில், இவ்வொப்புமை சற்று நாணத்தையும் தருகிறது.

மறுபுறம், வழிவரலாற்றைத் தேடும் பணி ஆவணக் காப்பகங்களுக்குத் திரும்பியுள்ளது. இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் பாதுகாக்கப்படும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பதிவேடுகளுள், 1789 முதல் 1834 வரை இந்தியாவுக்கும் சீனாவுக்கும் சென்று திரும்பிய பயணங்களின் 891 நூல்களில் நாள்தோறும் கருவிகளால் அளந்த வெப்பநிலையும் காற்றழுத்தமும் உள்ளன. அவை எண்மமாக்கப்பட்டு, 2,73,000 பதிவுகள் 2012இல் ஆய்வுலகுக்குக் கிடைத்தன. இவற்றில் உள்ளது காற்றின் வெப்பநிலை. எனினும் கடல்மேற் காற்றின் வெப்பநிலையே வாளித் திருத்தத்தைச் சரிபார்க்க ஃபோலண்டும் பார்க்கரும் கைக்கொண்ட அண்டைச் சான்றாகும். அக்கப்பல்களுட் பல, துறைமுகம் அமையாத சென்னையின் கரைக்கப்பால் நாட்கணக்கில் நங்கூரமிட்டு நின்றவை. கரையில், 1792இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வகத்தில், 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டுவந்தன. ஒரே நாளில் ஒரே ஊரின்முன் கப்பல் வெப்பமானி காட்டியதையும் கரை வெப்பமானி காட்டியதையும் இணைவைத்துப் பார்ப்பது, இணை ஒப்பீட்டு முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குக் கொண்டுசெல்லும். அதற்கு வேண்டுவது கடலியல் பயிற்சியைவிட, பழைய கையெழுத்தைப் படிக்கவும், எழுதியவர் கருவியை எங்கே தொங்கவிட்டிருந்தார் என்று கேட்கவும் அறிந்த வரலாற்று மாணவர்களை.